தராசை நிறுப்பவர் யார்?

மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ‘பேர்’ என்றொரு சொல் வழங்கிவருகிறது. அது மனிதருக்கு இட்ட பெயரைக் குறிப்பதன்று; ஒரு நாள் வேலையைக் குறிப்பது. விதித்த நிறைக்குக் கொழுந்து கொடுத்தவளுக்கு முழுப்பேர், குறைந்தவளுக்கு அரைப்பேர். காலையில் பெரட்டுக்கு வந்து, மலையேறி, அட்டைக்கடியையும் மழையையும் பொறுத்து, மாலைவரை நின்று கொய்தவள் அன்று முழு மனுஷியாகக் கணக்கில் ஏறினாளா, பாதி மனுஷியாக ஏறினாளா என்பதைக் கொழுந்து மடுவத்தில் தொங்கும் தராசு தீர்மானிக்கிறது. ஹற்றன், டிக்கோயா, மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியாப் பகுதிகளில் இச்சொல்லின் பொருளை விளக்க வேண்டிய அவசியமில்லை. சிறு பிள்ளைகளும் அறிவர்.

நாம் ஈண்டு ஆராய எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுதான்: அளப்பவர், சோதிப்பவர், கணக்கெழுதுபவர் ஆகியோர் யாருடைய நலனுக்குக் கடமைப்பட்டவர்? சம்பளம் தருபவனின் நலன் ஒருபுறமும் அளக்கப்படுபவனின் நலன் மறுபுறமும் இழுக்கும்போது, ‘இரண்டுக்கும் நடுவே நில்’ என்று சொல்வது போதுமான அறமாகுமா?

வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமை காட்டினார். அவ்வுவமையை மேடைகளில் எடுத்தாள்வோர் பெரும்பாலும் அதன் பாதியை விட்டுவிடுகின்றனர். அவர் கூறும் கோல், பண்டம் ஏறுமுன் தானே சமனாக நிற்கும் கோல். வெறுந்தட்டிலேயே ஒரு பக்கம் தாழ்ந்திருக்கும் தராசில் எவ்வளவு நேர்மையாக நிறுத்தாலும் பிழையே விளையும். ஆதலின், நிறுப்பவனுடைய குணத்தை விசாரிக்குமுன் தராசை விசாரிப்பது முறை.

தோட்டங்களின் பழைய வரலாறு இதற்குத் தக்க சான்று. கோப்பிக் காலத்திலும் அதன்பின் வந்த தேயிலைக் காலத்திலும் துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே நின்றவன் கங்காணி. ஆள் சேர்த்தவன் அவன். வேலை வாங்கியவன் அவன். கடன் கொடுத்தவனும் அக்கடனை எழுதியவனும் அவனே. தன் கூட்டத்தில் எத்தனை பேர் வேலைக்கு வந்தனரோ அத்தனை தலைக்கும் அவனுக்குத் தனியே காசு உண்டு. தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு வேறொன்றுக்குப் போக வேண்டுமாயின், கடன்தொகை எழுதிய ‘துண்டு’ வேண்டும். புதிய தோட்டம் அத்தொகையைத் தீர்க்கும். அது மீண்டும் தொழிலாளியின் தலையிலேயே ஏறும். அத்துண்டில் எழுதியது சரியா என்று சோதிக்க எழுத்தறியாத தொழிலாளிக்கு வழியில்லை; சோதிக்க வல்ல துரைக்கு அவசியமில்லை. துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கங்காணிகளில் நல்லவரும் இருந்திருப்பர், தீயவரும் இருந்திருப்பர். கணக்கெழுதுபவனுடைய வருவாய் அக்கணக்கின் முடிவிலேயே தொங்குமாறு அமைந்த ஒரு முறைக்குள் நல்லவன் எத்தனை நாள் நல்லவனாக நிற்க இயலும் என்பதுதான் கேள்வி.

இன்றைய மடுவத்துக்கு வருவோம். நாளொன்றில் பல தடவை, பெரும்பாலும் மும்முறை, கொழுந்து நிறுக்கப்படுகிறது. ஒவ்வொரு தடவையும் சாக்கின் பாரத்துக்கென்றும் ஈரத்துக்கென்றும் சில கிலோ கழிக்கப்படுவது தோட்டப் பெண்களின் நெடுநாளைய முறைப்பாடு. நிர்வாகம் சொல்லும் நியாயத்தையும் நாம் புறக்கணிக்கக் கூடாது. கொய்த பச்சைக் கொழுந்தின் நிறையில் முக்காற்பங்குக்குக் குறையாதது நீர். சுமார் நாலரைக் கிலோ கொழுந்து வாடி, அரைபட்டு, நொதித்து, உலர்ந்த பின்னரே ஒரு கிலோ தேயிலையாகிறது. மழை நாளில் இலைமேல் நிற்கும் நீருக்கும் பணம் கொடு என்றால் எந்த ஆலையும் தயங்கும். முற்றல் இலையையும் தண்டையும் சாக்கின் அடியில் வைத்து நிறை காட்டுவோரும் உண்டு என்பதை மறைப்பதில் பயனில்லை. விலையை நிர்ணயிப்பது கொழும்பு ஏலம்; தோட்டத்துத் துரை அல்லர். இவையெல்லாம் மெய்.

ஆயினும் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு தடவைக்கு 2 கிலோ கழிவென்றால் மூன்று தடவைக்கு 6 கிலோ. நாளுக்கு 20 கிலோ என விதித்த தோட்டத்தில் ஒருத்தி 26 கிலோ கொய்தால்தான் அவளுக்கு 20 எழுதப்படும். வெறுஞ்சாக்கு இரண்டு கிலோ பாரமா? வெயில் அடிக்கும் நாளிலும் கழிக்கப்படுவது எந்த ஈரத்துக்கு? இக்கேள்விகளுக்கு விடை காண விஞ்ஞானி எவரும் வரவேண்டியதில்லை. கொழுந்து ஆலையைச் சேர்ந்ததும் அங்கே மறுபடி நிறுக்கப்படுகிறது. மடுவத்தில் எழுதிய நிறைகளின் கூட்டுத்தொகை ஒன்று. ஆலையில் இறங்கிய நிறை மற்றொன்று. இவ்விரு எண்களையும் அருகருகே வைத்தால் கழிவு நியாயமானதா என்பது வெளிச்சமாகிவிடும். இரண்டும் நிர்வாகத்தின் கையிலேயே இருக்கின்றன. கொய்தவள் கண்ணில் படுவது ஒன்று மட்டுமே. தராசில் காணாமற்போன கிலோ ஆலையில் தேயிலையாகவே வெளிவருகிறது என்பதை யாரும் மறந்துவிட வேண்டாம்.

2021 மார்ச் மாதத்தில் சம்பளச் சபை வழியாக நாட்சம்பளம் 1,000 ரூபாவாக்கப்பட்டபோது, தோட்டக் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. அதன்பின் பல தோட்டங்களில் கொய்ய வேண்டிய நிறை உயர்த்தப்பட்டதென்ற குரல் எழுந்தது. 2024 செப்டெம்பரில் சம்பளம் 1,350 ரூபா என வர்த்தமானியில் வந்தபோதும் பேச்சு முழுவதும் ரூபாயைப் பற்றியதாகவே இருந்தது. ரூபாயை வர்த்தமானி தீர்மானிக்கிறது. கிலோவை மடுவம் தீர்மானிக்கிறது. ஒரு கையால் கூட்டியதை மறுகையால் குறைக்க இயலுமாயின் முதற்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதில் என்ன பயன்? சம்பளத் தொகையைப் பற்றி மேடையில் முழங்கிய அளவுக்கு நமது தொழிற்சங்கங்கள் தராசைப் பற்றிப் பேசியதில்லை என்பது எமது அபிப்பிராயம்.

இப்போது சில தோட்டங்களில் இலத்திரனியல் தராசுகள் வந்துள்ளன; நிறை நேரே கணினிக் கணக்கில் ஏறிவிடும். கணக்கப்பிள்ளையின் பென்சில் ஒழிந்தது. இனி மோசடிக்கு இடமில்லை என்று மகிழ்வோர் உளர். இம்மகிழ்ச்சியைச் சற்று நிறுத்திவைக்க வேண்டியிருக்கிறது. கணினிக்குத் தனியான மனச்சாட்சி கிடையாது. எவ்வளவு கழிக்க வேண்டும் என்று ஒருவர் அதனுள் எழுதிவைத்தாரோ அவ்வளவையும் அது தவறாது கழிக்கும்.

இன்று மலையகப் பிள்ளைகள் சிலர் கல்வி கற்றுக் கொழும்பில் மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்க்கின்றனர். நம் வாசகரான ஆசிரியர்களின் மாணவருள்ளும் அத்தகையோர் இருப்பர். அவர்களுள் ஒருத்திக்கு இத்தகைய தராசு மென்பொருளைச் சோதிக்கும் வேலை கிடைக்கிறதென்று வைத்துக்கொள்வோம். சோதகரின் கடமை பிழை தேடுவது. அவர் கையில் ஒரு பத்திரம் இருக்கும். மென்பொருள் என்னென்ன செய்ய வேண்டுமென்று வாங்குபவர் கேட்டதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். ‘நிறுவை ஒன்றுக்கு 2 கிலோ கழிக்க’ என்றும் அதில் இருக்கலாம். அவள் சோதிக்கிறாள், சரியாக 2 கிலோ கழிகிறது, ‘பிழையில்லை’ என்று எழுதுகிறாள். தொழில் முறைப்படி அவள் எழுதியது உண்மைதான். ஆனால் அந்த இரண்டு சரியா என்று கேட்க அப்பத்திரத்தில் இடமில்லை. அதை எழுதிய அறையில் கொழுந்து கொய்பவள் எவளும் உட்கார்ந்திருக்கவில்லை.

இன்னும் நுட்பமான ஒன்றையும் எண்ணிப் பார்ப்போம். தராசு 6.8 கிலோ காட்டுகிறது. மென்பொருளோ தசமத்தை வெட்டிவிட்டு 6 என்று பதிகிறது. யாரும் வேண்டுமென்று செய்ததன்று. நிரல் எழுதிய இளைஞன் அவசரத்தில் விட்ட கவனக்குறைவு. அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றியிருந்தால் ஒரு தடவை கூடும், ஒரு தடவை குறையும். மாதமுடிவில் ஏறத்தாழச் சரியாகிவிடும். வெட்டுவது அப்படியன்று, அது எப்போதும் ஒரே பக்கம் சாயும். தடவைக்குச் சராசரி அரைக் கிலோ, நாளுக்கு ஒன்றரைக் கிலோ. 200 பெண்கள் கொய்யும் தோட்டத்தில் நாளொன்றுக்கு 300 கிலோ கொழுந்து. அதாவது 65 கிலோவுக்கு மேற்பட்ட தேயிலை.

அவள் இதைக் கண்டுபிடித்துக் குழுத்தலைவரிடம் சொல்கிறாள். மென்பொருளை ஒப்படைக்கும் நாளோ நாளைக்கு. குழுத்தலைவர் கொடியவர் அல்லர். தாமதமானால் வாங்குபவர் அடுத்த வேலையைத் தராமல் விடலாம். உடன் வேலை செய்யும் இளைஞர்கள் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும். பிழைவிட்டவனுக்குக் கெட்ட பெயர் வரும். ‘அரைக் கிலோதானே, சிறிய பிழை, அடுத்த பதிப்பில் திருத்தலாம்’ என்கிறார். பல நலன்களையும் சீர்தூக்கிப் பார்த்ததாகவே அவர் மனமாரக் கருதுவார்.

‘சிறிய பிழை’ என்னும் சொல்லை நாம் விசாரிக்க வேண்டும். யாருக்குச் சிறியது? மென்பொருள் நிறுவனத்துக்கு அது ஒரு வரித் திருத்தம். தோட்டக் கம்பனிக்கு அது நட்டமே அன்று. 20 கிலோவுக்கு அரைக் கிலோ குறைந்து நிற்பவளுக்கு அது முழுப்பேருக்கும் அரைப்பேருக்கும் உள்ள வித்தியாசம். ஒரு நாட்சம்பளத்தின் பாதி. பிழையின் பருமனை அதனால் இழப்பவரின் இடத்திலிருந்து அளக்க வேண்டுமேயன்றி, அதைத் திருத்துபவரின் இடத்திலிருந்து அளக்கலாகாது. குழுத்தலைவர் சீர்தூக்கிய நலன்கள் அனைத்தும் அந்த அறைக்குள் இருந்தவர்களின் நலன்கள். அறைக்கு வெளியே நின்றவளின் பாரம் எத்தட்டிலும் ஏறவில்லை.

இது வெறும் கற்பனைப் பயம் என்பார்க்குப் பிரித்தானிய அஞ்சல் நிறுவனத்தின் கதையை நினைவூட்டுவோம். 1999 முதல் அந்நிறுவனம் தன் கிளைகளில் ‘ஹொரைசன்’ என்ற கணக்கு மென்பொருளைப் புகுத்தியது. பணம் குறைகிறதென்று திரை காட்டியபோது கிளை நடத்தியவர்கள் தம் சேமிப்பிலிருந்து இட்டு நிரப்பினர். இயலாதவர்கள் திருட்டு, பொய்க்கணக்கு என்று நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டனர். 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். சிறை சென்றவர் உண்டு; ஊரார் முகத்தில் விழிக்க முடியாதவர் உண்டு; தெற்காசிய வம்சாவளியினரும் அவர்களுள் பலர். உதவி கேட்டவர்களிடம் ‘உங்களுக்கு மட்டுந்தான் இப்படி’ என்று சொல்லப்பட்டது. மென்பொருளில் பிழைகள் இருப்பதை அதைச் செய்த நிறுவனத்தின் பொறியியலாளர்கள் அறிந்திருந்தனர்; பதிந்தும் வைத்திருந்தனர். 2019 டிசெம்பரில்தான் உயர் நீதிமன்றம் அப்பிழைகளை உறுதிசெய்து தீர்ப்பளித்தது. 2024இல் தனிச்சட்டம் இயற்றி அத்தண்டனைத் தீர்ப்புகள் துடைக்கப்பட்டன. கணினி சரியாகவே இயங்கிற்றென்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும் நிலை அந்நாட்டில் 2000ஆம் ஆண்டளவில் ஏற்பட்டிருந்ததையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். துண்டில் எழுதிய கடனை மறுக்க முடியாத தொழிலாளியும், திரையில் தோன்றிய கடனை மறுக்க முடியாத அஞ்சலகத்தாரும் ஒரே இடத்தில்தான் நிற்கின்றனர்.

ஆகவே, சோதிப்பவரின் தனிமனித நேர்மையை மட்டும் நம்பியிருக்க இயலாது. பிழை சொன்னவளுக்குப் பதவி உயர்வு தடைப்படுமாயின் அடுத்த ஆண்டு அவள் சொல்லமாட்டாள். பிழைவிட்டவனைச் சபையில் அவமதித்தால் அவன் மறைக்கக் கற்றுக்கொள்வான். கங்காணிக்குத் தலைக்குக் காசு கொடுத்தது போலவே, குறித்த நாளில் முடித்ததற்கு மட்டும் பரிசு கொடுக்கும் தலைவர், தம் குழுவினரைத் தாம் அறியாமலே கங்காணிகளாக்குகிறார். குழுவை நடத்துபவரின் அறம் அவர் எவ்வளவு அன்பாகப் பேசுகிறார் என்பதில் இல்லை. உண்மை சொன்னவருக்கு அவர் நட்டம் வராமற் செய்தாரா என்பதில் இருக்கிறது. இது கொழும்பின் கண்ணாடிக் கட்டிடத்துக்கும் பொருந்தும்; டிக்கோயாவின் மடுவத்துக்கும் பொருந்தும். மேலதிகாரியின் கண்டிப்புக்குப் பயந்து இரண்டு கிலோ வெட்டும் வெளிக்கள உத்தியோகத்தரை மட்டும் வைது பயனில்லை. அவரும் லயத்து வாழ்வை நன்கறிந்தவரே.

அளக்கப்படுபவருக்கு அளவையைச் சோதிக்கும் உரிமை வேண்டும் என்பது இதன் அடுத்த படி. முத்திரையிட்ட பத்துக் கிலோப் படிக்கல் ஒன்றை மடுவத்தில் வைத்து, கொய்பவள் எவளும் எந்நேரமும் அதைத் தராசில் ஏற்றிப் பார்க்கலாம் என்று விடுவதற்குப் பெருஞ்செலவில்லை. முந்திய நாளின் மடுவக் கூட்டுத்தொகையையும் ஆலை நிறையையும் பெரட்டுக் களத்தில் ஒரு பலகையில் எழுதிவிடலாம். மழை நாட்களில் ஈரத்துக்கு எவ்வளவு என்ற வழக்கு வருமாயின், ஒரு கிலோ ஈரக் கொழுந்தை எல்லார் முன்னிலையிலும் துணியில் ஒற்றி மறுபடி நிறுத்தால் விடை தெரிந்துவிடும். அதற்குக் கால் மணி நேரம் போதும்.