பெயரைப் பார்க்காத கிடங்கு

கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா சேலைக் கடைகளில் ஒரு ரகத்தைக் கேட்டால், "மூணாவது அலமாரி, மேல் தட்டு" என்று உள்ளிருந்து குரல் வரும். முந்தின இரவு யாராவது அடுக்கை மாற்றியிருந்தால் தேட வேண்டியதுதான். கணினியில் கோப்புகளையும் நாம் இப்படித்தான் வைக்கிறோம். மஸ்ஜித் இந்தியாவில் ஒரு கடைக்கு நான் விலைப்பட்டியல் தட்டச்சு செய்து கொடுத்தபோது 'தீபாவளி', 'தீபாவளி கடைசி', 'தீபாவளி கடைசி 2' என்று மூன்று கோப்புகள் சேர்ந்துவிட்டன. திறந்து வரிவரியாக ஒப்பிட்ட பிறகே, அவற்றில் இரண்டு ஒன்றே என்று தெரிந்தது.

2005 ஏப்ரலில் லினக்ஸ் மூலநிரலைப் பராமரிக்க லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய 'கிட்' இந்தச் சிக்கலை வேரிலேயே தீர்க்கிறது. மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கருவியாகவே பலருக்கும் அது பழக்கம். அடியில் இருப்பதோ ஒரு கிடங்கு.

ஒரு கோப்பைக் கொடுத்தால் கிட் அதன் பெயரைத் தனியே எடுத்து வைத்துவிடும். உள்ளடக்கத்தின் முன்னால் 'ப்ளாப்' என்ற சொல், பைட் எண்ணிக்கை, ஒரு பூஜ்ய பைட் ஆகியவற்றைச் சேர்த்து 'ஷா-1' என்ற கணக்கில் இடும். 40 குறிகள் கொண்ட ஒரு எண் கிடைக்கும். அதுதான் முகவரி. முதல் 2 குறிகள் ஃபோல்டரின் பெயர், மீதி 38 கோப்பின் பெயர். என் மூன்று விலைப்பட்டியல்களும் அங்கே போனால் இரண்டே பிரதிகள்தான் இருக்கும். வட்டு பழுதாகி ஒரு பைட் மாறினாலும், மறுபடி கணக்கிட்டால் முகவரி பொருந்தாது. பழுது வெளியே தெரிந்துவிடும்.

எடுத்து வைத்த பெயர்கள் 'ட்ரீ' என்ற பட்டியலில், அந்தந்த முகவரிக்கு எதிரே எழுதப்படும். ட்ரீக்கும் அதன் உள்ளடக்கமே முகவரி. 'கமிட்' ஒரு ட்ரீயையும் முந்தைய கமிட்டையும் சுட்டும். ஆகவே பழைய விலை ஒன்றைப் பின்னால் திருத்தினால், அதற்குப் பிறகு வந்த எல்லாக் கமிட்டுகளின் முகவரியும் மாறும். இதெல்லாம் ஓர் எண் ஒரே உள்ளடக்கத்துக்குத்தான் வரும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. ஆனால் 2017இல் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிலையமும் கூகுளும் ஒரே ஷா-1 எண் தரும் இரு வேறு பிடிஎஃப் கோப்புகளை உருவாக்கிக் காட்டின. அத்தகைய கோப்பை அடையாளம் காணும் சோதனை கிட்டில் உடனே சேர்ந்தது; ஷா-256 என்ற வலுவான கணக்குக்கும் பின்னர் வழி வந்தது.

தமிழில் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. கிட் படிப்பது எழுத்தை அல்ல, பைட்டை. 'கோலாலம்பூர்' என்று எழுதிப் பாருங்கள். யூனிக்கோடில் 'கோ'வின் துணையெழுத்தை ஒரே குறியாகவும் வைக்கலாம். இரட்டைக்கொம்பு, கால் என்று இரு குறிகளாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஆனால் முதலாவது 33 பைட், இரண்டாவது 36. முகவரிகள் வேறு, பிரதிகளும் இரண்டு. கொம்பையும் காலையும் தனித்தனியே வைத்த 'டிஸ்கி' என்ற பழைய குறியேற்ற முறைக் கோப்புகளைக் கவனமில்லாமல் யூனிக்கோடுக்கு மாற்றும்போது இந்தப் பிளவு வந்து சேர்கிறது. நான் வரிவரியாகப் பார்த்து "ஒன்றே" என்று தீர்மானித்த அந்த இரண்டு பட்டியல்களைக்கூட கிட் வேறென்று சொல்லியிருக்கலாம்.

இதற்கு யூனிக்கோடே 'என்எஃப்சி' என்ற சீர்வடிவை வகுத்திருக்கிறது. பிரிந்த குறிகளை அது ஒன்றாக்கும். ஆனால் 'கௌரி'யை ளகரம் போட்டு 'கெளரி' என்று அடித்திருந்தால் அதனால் சரிசெய்ய முடியாது. அதைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். கோப்பின் உள்ளே இருப்பதை கிட் தானாகச் சீர்செய்வதும் இல்லை.

சங்கத்தின் அறிக்கையோ பள்ளி மலரோ கடைப் பட்டியலோ, கிட்டில் சேர்க்கும் முன் ஒருமுறை என்எஃப்சிக்கு மாற்றிவிடுங்கள். முதல் கமிட்டுக்கு முன்பே செய்யுங்கள். பிறகு செய்தால் பழைய பிரதிகளும் வரலாற்றில் கூடவே இருக்கும்.