யார் வந்த நேரம்?

வீட்டில் ஒரு பொருள் கெட்டுப்போனால் அதைச் சரிசெய்ய ஆளைத் தேடுகிறோம். நாலைந்து பொருள் அடுத்தடுத்துக் கெட்டுப்போனால் காரணத்தைத் தேடுகிறோம். அதுவும் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே காரணமாக இருக்க வேண்டும் என்று மனம் அடம்பிடிக்கிறது. கண் பட்டது, வாஸ்து சரியில்லை, கிரகம் சரியில்லை என்று ஆரம்பிக்கும் இந்தத் தேடல் எங்கே போய் முடிகிறது என்பதை இந்த ஆடியில் எங்கள் வீட்டிலேயே பார்த்தேன்.

மைசூரில் நாங்கள் இருப்பது மங்களூர் ஓடு வேய்ந்த பழைய வீடு. இங்கே தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் கொட்டித் தீர்ப்பதில்லை. நாள் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும். கூடத்துச் சுவர் ஈரம் கோத்து ஊறியது. ராத்திரியில் மின்சாரம் அடிக்கடி டிரிப் ஆனது. வாஷிங் மெஷின் ஓட மறுத்தது. ஒருநாள் காலையில் கொல்லைப்புறத் துவைக்கிற கல்லுக்கு அடியில் ஆள் நீளத்துக்கு ஒரு பாம்பு.

எதிர்பாராத நல்லதும் இதே நாட்களில் வந்தது. ஈரச் சுவரை ஒட்டியிருந்த மர பீரோவை நகர்த்தியபோது அதன் பின்னால் அம்மாவின் பால் கணக்கு நோட்டு கிடைத்தது. கணக்குக்கு நடுவே, ஒரு பக்கத்தில், மைசூர் ரசத்துக்கு அவர் போட்ட பொடியின் அளவு இருந்தது. மின்சாரம் போன ஒரு ராத்திரி, டார்ச்சோடு மெயின் ஸ்விட்சைப் பார்க்கப் போனேன். வாசல் தொட்டியில் பிரம்மகமலம் விரிந்திருந்தது. வைத்துப் பல வருஷம் ஆகியும் அதுவரை ஒரு மொட்டுகூட விடாத செடி அது. வீட்டில் எல்லாரும் இருட்டிலேயே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பக்கத்து வீட்டு அஜ்ஜி, "ஆஷாடம் முடியட்டும், எல்லாம் சரியாகிவிடும்" என்று கன்னடத்தில் ஆறுதல் சொன்னார். அவர்களுக்கு ஆஷாடம் அமாவாசையோடு முடிகிறது. பெண்கள் பீமன அமாவாசை விரதம் இருக்கும் அந்த நாள்தான் பொதுவாக நமக்கு ஆடி அமாவாசை. மறுநாள் அவர்கள் வீட்டில் சிராவணம் பிறந்து கல்யாணப் பேச்சு தொடங்கிவிடும். காம்பவுண்ட் சுவருக்கு இந்தப் பக்கம் நமக்கு ஆடி இன்னும் மிச்சமிருக்கும். ஒரே தெரு, ஒரே தூறல். மாதம்தான் காரணம் என்றால், எந்த வீட்டு மாதம்?

மாதத்தின் மேல் போடும் பழியால் யாருக்கும் வலிக்காது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்போதுதான் கும்பகோணத்திலிருந்து அத்தை போனில் பேசினார். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "ஏண்டா, புது மருமக வந்த நேரம்தானே இதெல்லாம்?" என்றார். ஸ்பீக்கரில் போட்டிருந்தோம். உள்ளே உளுந்து புடைத்துக்கொண்டிருந்த மருமகளின் முறம் சட்டென்று நின்றது. அத்தை கெட்ட மனசுக்காரர் அல்ல. எங்களையெல்லாம் தூக்கி வளர்த்தவர். ஆனால் 'வந்த நேரம்' என்ற அந்த வார்த்தையின் கனம் என் மனைவிக்குத் தெரியும். அவள் இந்த வீட்டுக்கு வந்த வருஷம் அப்பாவின் ஸ்கூட்டர் திருடு போனபோது உறவில் யாரோ இதையே சொன்னார்கள். ஸ்கூட்டரை எல்லாரும் மறந்துவிட்டோம். அந்த வார்த்தை மட்டும் இன்றுவரை அவளுக்கு ஆறவில்லை.

சரி, உண்மையில் எதனால் இத்தனையும் நடந்தன? எலெக்ட்ரீஷியன் வந்து கூரையைத்தான் முதலில் பார்த்தார். குரங்குகள் ஓடியதில் ஒரு ஓடு நகர்ந்திருந்தது. அந்த வழியாக இறங்கிய ஈரம் சுவருக்குள் பரவி ஸ்விட்ச் போர்டை எட்டியிருந்தது. "டிரிப் ஆகறது கோளாறு இல்லே சார். அது தன் வேலையைச் செய்யுது. ஆகலேன்னாத்தான் பயப்படணும்" என்றார். வீடுகளில் பொருத்தும் ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் கசிந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடும். உயிர் காக்கிற ஏற்பாடு அது. வாஷிங் மெஷினின் ஒயரைக் கடித்தது, மழைக்கு ஒதுங்கிய எலி. பாம்பு அந்த எலியைத் தேடி வந்த சாரை; விஷமில்லாதது. பாம்பு பிடிக்கும் 'ஸ்நேக்' ஷ்யாம் போன்றவர்களின் பல வருஷ உழைப்பால், பாம்பைக் கண்டால் கம்பைத் தேடாமல் போனைத் தேடும் பழக்கம் இந்த ஊரில் பரவியிருக்கிறது. நாங்களும் அதையே செய்தோம். வந்த இளைஞர் பாம்பைப் பையில் விட்டுக் கட்டியபடி, "எலி வர்ற ஓட்டையை அடைச்சிடுங்க" என்று மட்டும் சொன்னார். ஆக, பாதிக்கு மழையும் குரங்கும் காரணம். மீதி தற்செயல்.

ஆனால் தற்செயல் என்றால் நம் மனம் ஒப்புவதில்லை. தற்செயலாக நடப்பவை சீராக இடைவெளி விட்டு நடக்கும் என்று நாமாக எதிர்பார்க்கிறோம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி ஏவிய பறக்கும் குண்டுகள் லண்டனில் சில இடங்களையே குறிவைத்து விழுவதாக மக்கள் நம்பினார்கள். ஆர்.டி. கிளார்க் என்ற காப்பீட்டுக் கணக்கர் தெற்கு லண்டனை 576 சம கட்டங்களாகப் பிரித்து எண்ணிப் பார்த்தார். 229 கட்டங்களில் ஒன்றுகூட விழவில்லை. 35 கட்டங்களில் மும்மூன்று விழுந்திருந்தன. குறியே இல்லாமல் விழுந்தால் எப்படிச் சிதறுமோ, ஏறக்குறைய அப்படியே இருந்தது கணக்கு. 1946-இல் அவர் எழுதிய அந்தச் சிறு கட்டுரை சொல்வது இதுதான்: தற்செயல் கொத்துக் கொத்தாகத்தான் விழும். வருஷத்தில் பல மாதங்கள் சும்மா கழிவதும், ஒரு மாதத்தில் எல்லாம் வந்து குவிவதும் இயல்பு.

மைசூர் அரண்மனையைப் பார்க்கும்போதும் இப்போது எனக்கு இந்தக் காரணத் தேடல்தான் நினைவுக்கு வருகிறது. 1897-இல் இளவரசி ஜெயலட்சம்மண்ணியின் கல்யாண வேளையில் பழைய மர அரண்மனை எரிந்து போனது. கல்யாண வீட்டில் தீ! அபசகுனம் என்று பேச இதைவிட என்ன வேண்டும்? ஆனால் ஹென்றி இர்வின் வடிவமைத்து 1912-இல் முடிந்த புதிய அரண்மனையைப் பாருங்கள்: கருங்கல், வார்ப்பிரும்புத் தூண்கள். மரம் எரியும் என்பதுதான் கட்டியவர்கள் கண்ட காரணம். அதற்குத்தான் மாற்றும் செய்தார்கள்.

காரணத்தைத் தனித்தனியாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பரிகாரம் கிடைக்கிறது: ஓட்டை மாற்றலாம், பொந்தை அடைக்கலாம். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினால், அதைத் தூக்க ஒரு தலை வேண்டியிருக்கிறது. நம் குடும்பங்களில் அந்தத் தலை அநேகமாக, புதிதாக வந்த பெண்ணுடையது.

பிரம்மகமலம் பூத்ததைச் சொன்னபோது அத்தை, "அதுவும் அவ வந்த நேரம்தான்" என்று அன்போடு சொன்னார். அதையும் வேண்டாம் என்றேன். இன்று பூவுக்காகப் புகழ்கிற வாயே நாளை ஒழுகலுக்காகப் பழிக்கும். ஓடு, ஈரம், எலி என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன், ஸ்பீக்கரை அணைக்காமலே. அத்தை பொறுமையாகக் கேட்டார். "அப்போ முதல்ல ஓட்டை மாத்து" என்றார்.

வீட்டுப் பெரியவர்கள் இந்த ஒன்றைச் செய்தால் போதும். சங்கடம் வந்தால் அதன் காரணத்தை எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட வேண்டும். காரணம் தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்று சொல்ல வேண்டும். அந்தப் பூ ஏன் இந்த வருஷம் பூத்தது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாததாகவே விட்டுவைக்கிற வீட்டில்தான், புதிதாக வந்த ஒரு பெண் பயமில்லாமல் நடமாட முடியும்.