உள்ளங்கை அளவு ரப்பர்

கார் கேமில் புது வண்டி ஒன்று வந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது அதன் முகத்தைத்தான். முகப்பு விளக்குக்குள் இருக்கும் வளையம், கிரில்லின் கம்பி, கதவிடுக்கின் கோடு. இவை பொருந்தி வந்துவிட்டால் ‘அச்சு அசல்’ என்று சொல்லிவிடுகிறோம்.

அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை பேர் கண் வலிக்க உழைத்திருக்கிறார்கள். 1997-இல் ஜப்பானில் முதல் ‘கிரான் டூரிஸ்மோ’ கேம் வந்தபோது திரையில் ஒரு கார் என்பது சில நூறு முக்கோணங்களின் தொகுப்பு. 2004-இல் நான்காம் பாகத்தில் காருக்கு ஏறத்தாழ 4,000. 2010-இல் ஐந்தாம் பாகம் வந்தபோது மெனக்கெட்டுச் செய்த கார்களில் 5 லட்சம் வரை. அந்த உழைப்பை எல்லா வண்டிக்கும் கொடுக்க ஆளும் நாளும் போதவில்லை. 1,000-க்கு மேற்பட்ட கார்களில் 200 சொச்சம்தான் அப்படிப் புதிதாகச் செய்யப்பட்டவை. மற்றவை பழைய பாகங்களிலிருந்து எடுத்து வைத்தவை. அவற்றுக்குள் டேஷ்போர்டு கிடையாது, சீட் கிடையாது, வெறும் கூடு.

ஆனாலும் ஓடின. கண்ணாடிக்குள் எட்டிப் பார்க்காதவரை குறை தெரியாது. 5 லட்சம் முக்கோணத்தாலான காரும் 4,000 முக்கோணக் கூடும் ஒரே வளைவில் ஒரே நேர்த்தியோடு திரும்பும் என்றால், கார் என்று நாம் சொல்வது எங்கே இருக்கிறது? இந்தக் கேள்வி பல நாளாக என்னோடு இருக்கிறது.

*

வடசென்னையில் எங்கள் எம்.கே.பி. நகரில் பையன்கள் காரைவிட பஸ்ஸைத்தான் அதிகம் ஓட்டுகிறார்கள், செல்போனில். ‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’ என்ற கேம், 2017-இல் வந்தது. அந்த நாட்டிலும் சாலையில் இடப்பக்கம்தான் போக வேண்டும், ஸ்டீயரிங் வலப்பக்கம். அதனால் நம்மூர் பஸ்ஸை அதற்குள் இறக்க எதையும் புரட்டிப் போட வேண்டியதில்லை. பஸ்ஸின் மேல்தோலைப் படமாக விரித்து அதில் வண்ணம் தீட்டினால் அது லிவரி. வண்டியையே புதிதாகச் செய்து சேர்த்தால் மாட். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இரண்டிலும் கை தேர்ந்தவர்கள். நம் அரசு பஸ்களும் கோவை, சேலம் பக்கத்துத் தனியார் பஸ்களும் இந்தோனேசிய மலைப்பாதையில் ஏறி இறங்குகின்றன.

ஹவுசிங் போர்டு படிக்கட்டில் ஒருவன் இன்னொருவனுடைய போனைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான்: “டேய், மொதல்ல விட்டப்ப பிங்க் முன்னாடியும் பின்னாடியும்தான்டா. சைடுல எப்படிடா வந்துச்சு?”

அவன் சொன்னது சரி. 2022 ஆகஸ்டில் சாதாரணக் கட்டண மாநகர பஸ்களுக்கு முன்னும் பின்னும்தான் இளஞ்சிவப்பு பூசினார்கள், பெண்கள் கட்டணம் இல்லாமல் ஏறும் வண்டி எது என்று தூரத்திலேயே தெரிவதற்காக. ஆகவே மாநகர பஸ் செய்ய உட்காருகிறவன் வண்ணத்துக்கும் முன்னால் வருஷத்தை முடிவு செய்தாக வேண்டும். ஒலிக்கும் அப்படித்தான். 2025 ஜூன் 30 அன்று பக்கத்திலிருக்கும் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சார பஸ்கள் கிளம்பின. அதுவரை இந்தத் தெருவில் பஸ் என்றால் என்ஜின் சத்தம்தான். கியர் மாற்றும்போது ஒரு கணம் தொண்டை அடைத்து மறுபடி எழும் அந்த உறுமலைக் கேட்டே லேலண்டா வேறு வண்டியா என்று சொல்லிவிடும் பிள்ளைகள் இங்கே உண்டு. சொல்லாமல் எப்படி இருப்பார்கள்? 1948-இல் ஆஸ்டின் கார்களைப் பூட்டுவதற்காகத் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ்தான் பிறகு அசோக் லேலண்ட் ஆனது. அதன் ஆலை எண்ணூரில், நமக்கு வடக்கே.

அந்தப் பையனின் கோபத்தை நான் மதிக்கிறேன். தினமும் ஏறி இறங்கும் ஒன்றைத் தவறாக வரைந்தால் வரும் கோபம் அது.

*

ஆனால் வண்ணமும் ஒலியும் பொருந்திய பிறகும் வண்டி மிதந்துகொண்டு போவது போல ஒரு குறை சில கேம்களில் உண்டு. திருப்பினால் திரும்புகிறது, பிரேக் அடித்தால் நிற்கிறது, எடை மட்டும் இல்லை. நான் கண்டுகொண்டவரை குறை டயரில்தான்.

ஓடும் கார் ஒன்று தரையோடு உறவு வைத்திருப்பது நான்கே இடத்தில். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு. முடுக்கம், பிரேக், திருப்பம் எல்லாம் அந்த நான்கு உள்ளங்கை ரப்பர் வழியாகத்தான் சாலைக்குப் போயாக வேண்டும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் டயர் பார்க்கும் திசையும் வண்டி போகும் திசையும் சற்று விலகுகின்றன. விலகல் கூடக்கூடப் பிடிமானமும் கூடுகிறது. சில டிகிரியில் அது உச்சம் தொட்டு, அதற்கப்பால் குறையத் தொடங்குகிறது. வண்டி வழுக்குவது அங்கேதான். அந்த உச்சம் எங்கே, அதன்பின் சரிவு மெதுவா செங்குத்தா என்பதுதான் ஒரு வண்டியை ஓட்டுகிறவர் கையில் உணர்கிற குணம்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் பசெய்கா என்ற பேராசிரியர் இந்த வளைகோட்டுக்கு ஒரு சமன்பாடு எழுதினார். ‘மந்திரச் சூத்திரம்’ என்றே அதற்குப் பெயர். ரப்பர் ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று அது விளக்காது. உண்மையான டயரை எந்திரத்தில் உருட்டி அளந்த கோட்டோடு பொருந்தி நிற்கும், அவ்வளவுதான். கார் ஆலைகளும் கேம் செய்பவர்களும் பல ஆண்டுகளாக அதை நம்பி வந்திருக்கிறார்கள். விளக்கம் கைக்கு வராத இடத்தில் அளந்து பார்த்ததையே உண்மையாக ஏற்றுக்கொண்ட அந்தப் பணிவு எனக்குப் பிடிக்கிறது.

டயர் வடசென்னைக்குத் தூரத்துச் சங்கதி அல்ல. திருவொற்றியூரில் 1946-இல் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை ஒரு சிறு கொட்டகையில் விளையாட்டு பலூன் செய்யத் தொடங்கினார். 1952-இல் தேய்ந்த டயருக்கு மேலே ஒட்டும் டிரெட் ரப்பருக்கு வந்தார். பிறகு டயர். அதுதான் எம்.ஆர்.எஃப். பின்னாளில் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் அவர்கள் பெயரிலேயே பந்தயங்கள் நடந்தன. 2016–17 தொடரில் மைக்கேல் ஷூமாக்கரின் மகன் மிக் ஓட்டியிருக்கிறார்.

மந்திரச் சூத்திரம் தெரியாமலேயே டயரைப் படிப்பவர்களும் இங்கே இருக்கிறார்கள். ஒரு பஞ்சர் கடைக்காரர் கண்ணால் பார்ப்பதற்குள் கையை வைத்துவிடுவார்.

“இன்னா தம்பி, வண்டி இழுக்குதா?”

“ஆமாண்ணே, லெஃப்ட்ல.”

என் கையைப் பிடித்து டயர் மேல் வைத்தார். “உள்ள தள்ளு. வழுக்குதா? இப்ப வெளிய இழு. அறுக்குது பாரு. அலைன்மென்ட் போயிடுச்சு.” பட்டன்களின் ஓரம் ஒரு திசையில் மழுங்கியும் மறுதிசையில் கூராகவும் இருந்தது. நடுவில் மட்டும் மொட்டையானால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் மொட்டையானால் காற்று குறைவு. அந்த வண்டி எப்படி ஓடியது என்ற வரலாறு முழுக்க ரப்பரில் இருந்தது. கேமில் என் காரின் டயர் இவ்வளவு பேசியதில்லை.

*

‘எஃப்1 2011’ கேம் அந்த ஆண்டு செப்டம்பரில் வெளிவந்தது. அதில் கிரேட்டர் நொய்டாவின் புத் சர்வதேசத் தடம் இருந்தது, 5.125 கிலோமீட்டர். உண்மையான இந்திய கிராண்ட் பிரீ அக்டோபர் 30-இல்தான் நடந்தது. அசலில் ஒரு பந்தயம்கூட ஓடுவதற்குள் ஊரெல்லாம் பிள்ளைகள் அந்தத் தடத்தை மனப்பாடம் செய்துவிட்டார்கள். கோவைக்காரரான நரேன் கார்த்திகேயன் ஓட்டிய அணியும் அந்த கேமில் இருந்தது. அவர் காரை எடுத்துக்கொண்டு அவருக்கு முன்பே அந்தத் தடத்தின் மேட்டில் ஏறியவர்கள் எத்தனை பேர்!

அசல் பந்தய வாரத்தில், வெள்ளிக்கிழமை முதல் பயிற்சியில் ஒரு நாய் தடத்துக்குள் வந்து ஓட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. அதைவிட முக்கியம் புழுதி. கார்கள் போய்ப்போய்ச் சுத்தமான கோட்டைவிட்டு ஒரு முழம் விலகினால் பிடிமானம் இல்லை என்று ஓட்டுநர்கள் சொன்னார்கள். வரைபடத்தில் வளைவுகள் சரி, மேடு பள்ளம் சரி. மேலே படிந்திருந்த தூசிதான் அந்த வார இறுதியில் யார் எங்கே முந்தலாம் என்பதைத் தீர்மானித்தது. மணலும் நிலக்கரித் தூளும் லாரியிலிருந்து சொட்டிய எண்ணெயும் சேர்ந்து கிடக்கும் சாலைகளில் பைக் ஓட்டிப் பழகிய எங்களுக்கு இது சொல்லாமலே விளங்கும்.

*

அடிபடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கார் நிறுவனங்கள் தங்கள் வண்டியின் பெயரையும் உருவத்தையும் உரிமம் எழுதித்தான் கேமுக்குத் தருகின்றன. அது எவ்வளவு நசுங்கலாம் என்பதிலும் அவர்களுக்கு ஒரு சொல் உண்டு. கிரான் டூரிஸ்மோவின் முதல் நான்கு பாகங்களில் எந்தச் சுவரில் மோதினாலும் கார் சொட்டை விழாமல் திரும்பி வரும். இரும்பு எப்படி மடங்கும் என்பதை நேர்மையாகக் காட்டுகிற கேம் ‘பீம்என்ஜி டிரைவ்’. அதன் கார்கள் எல்லாம் கற்பனைப் பெயர் கொண்டவை, எந்த ஆலையிலும் செய்யப்படாதவை. பெயர் உண்மையாக இருக்கும் இடத்தில் காயம் பொய்யாகிறது. காயம் உண்மையாக இருக்கும் இடத்தில் பெயரை விட்டுவிட வேண்டியிருக்கிறது. இதற்கு ஒரு நடுவழி கிடைத்தால் நன்றாக இருக்கும்.

கேமில் எனக்கு ஒரு டிரெய்லர் லாரி வேண்டும். துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு எண்ணூர் ஹைரோட்டில் வருகிற வகை. வாசலில் வரிசையில் நின்று நின்று பம்பர் நெளிந்திருக்க வேண்டும். முன் சக்கரங்களில் புது டயர், பின் அச்சுகளில் ரீட்ரெட் செய்தது, இங்கே போடுகிற மாதிரியே. லோடோடு வரும்போதும் காலியாகத் திரும்பும்போதும் பிரேக் வேறுவேறாகப் பிடிக்க வேண்டும். முதல் மழையில் எண்ணெய் மேலே எழுந்து நிற்கும் அந்த அரை மணி நேரம் தனியாக இருக்க வேண்டும். முகப்பு விளக்குக்குள் வளையம் இல்லாவிட்டால் பரவாயில்லை. ஒட்டிப் போட்ட அந்த ரப்பரின் வளைகோட்டை மட்டும் யாராவது உட்கார்ந்து அளக்கட்டும். மாட் செய்யத் தெரிந்த பிள்ளைகள் இந்தத் தெருவிலேயே இருக்கிறார்கள். கையால் டயர் படிக்கத் தெரிந்தவரும் இருக்கிறார். இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைக்க நான் முயன்றுகொண்டிருக்கிறேன்.