கட்டையைப் பற்றிய கை

பாலே கலைஞர் எத்தனை ஆண்டு மேடை கண்டவராக இருந்தாலும், அன்றாடப் பயிற்சியைச் சுவரோரக் கைப்பிடிக் கட்டையைப் பற்றியபடி, முழங்கால் மடக்கும் பிளியேயில்தான் தொடங்குகிறார். அடுத்து தாந்து: பாதம் தரையில் வழுக்கிச் செல்ல, குதிகால் முதலில் எழும்பி, விரல்நுனி மட்டும் தரையைத் தொடும் வரை கால் நீள்கிறது, வந்த வழியே திரும்புகிறது. பார்ப்பவருக்கு இது சின்ன அசைவு. ஆனால் கால் வெளிப்புறம் திரும்புவது பெரும்பாலும் இடுப்பு மூட்டில் நிகழ வேண்டும். அங்கே போதாததைப் பாதத்தைத் திருகி ஈடுகட்டினால் வலிந்த பாரம் முழங்காலில் இறங்கும். முழங்கால் பாதவிரல்களின் திசையிலேயே மடங்கட்டும் என்று ஆசிரியர்கள் ஓயாமல் சொல்வது அழகுக்காக மட்டுமல்ல.

இவ்வளவு கண்டிப்பு ஆட்டத்தின் உயிரை வற்றச் செய்யாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, திருத்தமே குறிக்கோளானால் ஆட்டம் வறண்டுதான் போகும். ஆனால் தாவலுக்கு உந்துதல் தருவது அந்தப் பிளியேதான். தரையை உதறி எழும் பாதம் தாந்துவில் பழகிய பாதம். கட்டையை விட்டு நடுக்கூடத்துக்கு வந்ததும் அதே அசைவுகளை மீண்டும் செய்யச் சொல்வார்கள். இம்முறை பற்றிக்கொள்ள எதுவும் இருக்காது.