வலையை நிறுத்தச் சொல்லும் ஊர்

2021 ஜூலையில் மயிலாடுதுறை மாவட்டத்துக் கடற்கரை இரண்டுபட்டு நின்றது. பூம்புகார், திருமுல்லைவாசல், சந்திரபாடி போன்ற ஊர்களில் சுருக்குமடி வலைக்கு அனுமதி கேட்டுக் குடும்பம் குடும்பமாகப் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். தரங்கம்பாடியைத் தலைமைக் கிராமமாகக் கொண்ட ஊர்களோ அந்த வலையைக் கடலில் இறக்கவே கூடாது என்றன. இரு பக்கமும் மீனவர்கள்தான். ஒரே சாதி, ஒரே கடல், பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவு. அதனாலேயே பகை ஆழமாக விழுந்தது. ஊர்களின் நிலையும் நிலையாக இருக்கவில்லை. ஒரு காலத்தில் சுருக்குமடியை ஓட்டிய ஊர் பின்னொரு காலத்தில் எதிர்த்திருக்கிறது.

இதில் இரண்டு கேள்விகள் உண்டு. நாளைக்கும் கடலில் மீன் இருக்க வேண்டும் என்பதற்காக, இன்று ஒருவன் கடன்பட்டு வாங்கிய வலையை இறக்காதே என்று ஊர் சொல்லலாமா? அப்படிச் சொன்னால், அவனுக்கு ஊர் என்ன கடமைப்பட்டிருக்கிறது? முதல் கேள்விக்காகப் படகுகள் மோதியிருக்கின்றன, வழக்குகள் நடந்திருக்கின்றன. இரண்டாவது கேள்வியைக் கடற்கரையில் யாரும் உரக்கக் கேட்பதில்லை.

சுருக்குமடி என்பது மீன் கூட்டத்தை வளைத்துப் பிடிக்கும் வலை. மீன் மேலே கூடி ஓடும் இடத்தைப் பார்த்து வலையைச் சுற்றிலும் இறக்கி, அடியில் வளையங்களுக்குள் ஓடும் கயிற்றை இழுத்தால், பாட்டிமார் இடுப்பில் செருகும் சுருக்குப் பை போல வலையின் அடிவாய் மூடிக்கொள்ளும். கூட்டத்தில் ஒன்றும் தப்பாது. மத்தியும் கானாங்கெளுத்தியும் இப்படித்தான் டன் கணக்கில் ஏறுகின்றன. கேரளத்தில் 1980களிலேயே பரவிய வலை இது. சோழமண்டலக் கரையில் மத்தி பெருகத் தொடங்கிய பின், சுனாமிக்கு அடுத்த ஆண்டுகளில், இங்கும் வேகமாக வந்தது. ஒற்றை முதலாளியின் காசில் மட்டும் வந்ததல்ல அது. பல ஊர்களில் பத்து இருபது குடும்பங்கள் சேர்ந்து பங்கு போட்டு, நகையை அடகு வைத்து, ஏலக்காரரிடம் முன்பணம் வாங்கி இறக்கியவை உண்டு. ஒரு வலையில் நாற்பது ஐம்பது பேர் ஏறுவார்கள். சொந்தமாகப் படகில்லாத இளைஞனுக்கும் அதில் ஒரு பங்கு கிடைத்தது. சுருக்குமடிக்காரர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஒரே சொல்லில் முடிப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

ஆனாலும் தடை நியாயமானது. பைபர் படகில் இரண்டு மூன்று பேராகப் போய்ச் செவுள் வலை போடுகிறவன் கடலிலிருந்து எடுப்பது, அன்று வலைக்கு வந்த மீனை. சுருக்குமடி எடுப்பது ஒரு கூட்டம் முழுவதையும். அதில் முட்டையிடும் வயதை எட்டாத குஞ்சும் அடக்கம். ஒரே இரவில் ஒரு வலை அள்ளிய மீன் கரைக்கு வந்தால் விலை விழுகிறது. அந்த விலையிலேயே மற்றவனும் விற்றாக வேண்டும். பொதுவான ஒன்றிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்பதை எடுக்கிறவனின் வசதி மட்டும் முடிவு செய்தால், அது பொதுவாக இருக்காது. தமிழ்நாடு அரசு 2000ஆம் ஆண்டிலேயே இந்த வலைக்குத் தடை போட்டுவிட்டது.

அறிவியல் இதில் முழுத் தெளிவு தந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. கேரளத்தில் 2012இல் ஏறத்தாழ நான்கு லட்சம் டன்னாக இருந்த மத்தி, 2021இல் 3,297 டன்னாகச் சரிந்தது. வலைகளும் குஞ்சு மீன் பிடிப்பும் அதற்கு ஒரு காரணம். எல் நினோ ஆண்டுகளில் கடல் சூடேறியது இன்னொரு காரணம். பின்னர் மத்தி ஓரளவு திரும்பியும் வந்தது. எந்தக் காரணம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது ஆய்வாளர்களுக்கே கடினம். ஆனால் அந்தத் தெளிவின்மை சுருக்குமடிக்குச் சாதகமான வாதமாகாது. தவறினால் இழப்பு அடுத்த தலைமுறையுடையது. லாபமோ இந்தப் பருவத்தில் எடுக்கிறவனுடையது. லாபம் ஒரு கையிலும் ஆபத்து இன்னொரு கையிலும் இருக்கும்போது, சந்தேகத்தின் பலனை ஆபத்தைச் சுமக்கிறவனுக்குத்தான் கொடுக்க வேண்டும். அவன் இன்னும் பிறந்துகூட இருக்கமாட்டான்.

சுருக்குமடிக்காரர்கள் எப்போதும் எழுப்பும் எதிர்வாதம் ஒன்று உண்டு. இழுவைமடியைப் பாருங்கள் என்பார்கள். அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கடலடியை உழுதுகொண்டு போகும் இழுவைமடி, சுருக்குமடி தொடாத முட்டையையும் நண்டையும் புழுவையும் சேர்த்து வாருகிறது. அந்த விசைப்படகுகளை அரசே மானியம் கொடுத்துப் பல பத்தாண்டுகள் வளர்த்தது. நாட்டுப்படகுக்காரர்கள் அடிபட்டுப் போராடிய பிறகே 1983ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, கரையிலிருந்து 3 கடல் மைல் வரையான நீரை அவர்களுக்கென்று ஒதுக்கியது. அந்த எல்லையை மதிக்காத விசைப்படகுகளை இந்தக் கரையில் பார்க்காதவர் இல்லை. பெரியவனின் மீறல் வழக்கமாகிவிட்ட இடத்தில் புதிதாக வந்தவனை மட்டும் நிறுத்தினால், நிறுத்தப்பட்டவனுக்கு அது நீதியாகப் படாது. படக் கூடாதுதான். ஆனால் அந்தக் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் அரசும் விசைப்படகு உரிமையாளர்களும். பக்கத்து ஊரில் செவுள் வலை போடுகிறவன் இரண்டு பக்கமும் இழக்கிறான்; இழுவைமடி செய்த தவறுக்கு அவனிடம் ஈடு வாங்குவதற்கு எந்த நியாயமும் இல்லை.

உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் ஓர் இடைக்கால உத்தரவு போட்டது. 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை சுருக்குமடி போடலாம். மத்தி பெரும்பாலும் கரையை ஒட்டியே ஓடும் மீன். அவ்வளவு தூரம் போய் நேரத்துக்குள் திரும்பச் செலவழியும் டீசலை யோசித்தால், இது பாதிக் கதவைத் திறந்து வைத்ததைப் போன்ற அனுமதி என்பது கடற்கரையில் எல்லாருக்கும் தெரியும். சட்டம் எல்லையை வரைகிறது. அந்த எல்லைக்குள் அடுத்தடுத்த வீட்டில் வாழப்போகிறவர்களுக்கு இடையே எது சரி என்பதை ஊர்தான் தீர்க்க வேண்டியிருக்கிறது.

ஊர் என்றால் இங்கே ஊர்ப் பஞ்சாயத்து. தரங்கம்பாடியில் தேர்ந்தெடுக்கப்பட்ட பேரூராட்சி மன்றம் இருக்கிறது. குடிநீர், தெருவிளக்கு, குப்பை அதன் பொறுப்பு. கடலில் யார், எப்போது, எந்த வலையோடு போகலாம் என்பதைக் கடற்கரையில் கூடும் பஞ்சாயத்தார் சொல்கிறார்கள். மீனவக் குடும்பங்கள் தலைக்கட்டு வரி கட்டுகின்றன. வரி கட்டுகிறவர் கூட்டத்தில் உட்காரலாம், பேசலாம். மீறினவருக்குத் தண்டம். தண்டத்துக்கும் அடங்காதவரை ஊரிலிருந்து ஒதுக்கிவைப்பது கடைசி ஆயுதம். சோழமண்டலக் கரையின் மீன்பிடி ஒழுங்கை ஆராய்ந்த டச்சு அறிஞர் மார்ட்டன் பாவிங்க், அரசுச் சட்டத்துக்கு இணையாக ஓடும் இன்னொரு சட்டமாகவே இந்தப் பஞ்சாயத்துகளைக் கண்டார். மீன்வளத்துறையின் ரோந்துப் படகு எட்டாத இடத்தில் ஊரின் சொல் எட்டும் என்பது உண்மை. அந்தச் சொல் இல்லாமல் போனால் கரைக்கடல் இன்னும் வேகமாக வறண்டிருக்கும்.

அதே சொல்தான் கொடுமையாகவும் மாறுகிறது. ஒதுக்கிவைத்தல் என்பது வலை வைத்தவனை மட்டும் தொடுவதில்லை. அவன் வீட்டுக் கல்யாணத்துக்கு யாரும் போகக் கூடாது, சாவுக்குப் போகக் கூடாது, கடையில் பொருள் கொடுக்கக் கூடாது, அவன் மீனை ஏலம் எடுக்கக் கூடாது. பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளையின் தோழிகூட அன்று பேசாமல் நகர்கிறாள். வலை வாங்கும்போது யாரும் அந்தப் பிள்ளையைக் கேட்கவில்லை. கடலைக் காப்பதற்காக என்று சொல்லி ஒரு குழந்தையைத் தனியே நிறுத்துவதை எந்தப் பயனாலும் நியாயப்படுத்த முடியாது. வலையைப் பறிமுதல் செய்யலாம், தண்டம் போடலாம், கடலில் இறங்க விடாமல் தடுக்கலாம், அரசிடம் ஒப்படைக்கலாம். செயலைத் தண்டிக்க ஊருக்கு உரிமை உண்டு. ஒரு வீட்டை ஊரின் நினைவிலிருந்தே அழிக்க உரிமை கிடையாது.

இனி இரண்டாவது கேள்வி. ஊர் ஒரு வலையை நிறுத்தும்போது எல்லாரும் லாபம் அடைகிறார்கள்: மீன் மிச்சமாகிறது, விலை நிற்கிறது. நட்டம் மட்டும் பங்கு போட்ட குடும்பங்கள் மேல் விழுகிறது. பல லட்ச ரூபாய் வலை மணலில் கிடந்து வெயிலில் நைந்து போகும். வட்டி மட்டும் மாதாமாதம் கடலுக்குப் போய்க்கொண்டே இருக்கும். எல்லாருக்கும் நன்மை தரும் ஒன்றின் விலையைச் சிலர் தலையில் முழுவதும் கட்டுவது நீதியில்லை, அந்தச் சிலர் தவறே செய்திருந்தாலும். 2000ஆம் ஆண்டுத் தடை இருந்தும் வலை வாங்கினார்கள், அதனால் நட்டம் அவர்களுடையதுதான் என்று சொல்லலாம். அந்தப் பதிலில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தத் தடையை ஆண்டுக்கணக்கில் அமல்படுத்தாமல், வலை கரையில் இறங்கும்போது பார்த்துக்கொண்டிருந்தது அரசும் ஊரும். மீன் வந்தபோது ஏலத்தில் தன் பங்கை வாங்கிக்கொண்ட ஊர்களும் உண்டு. கண்டும் காணாமல் இருந்தவர்கள் பின்னர் வந்து முழுப் பொறுப்பையும் ஒருவன் மேல் போடலாகாது.

நிறுத்தப்படுகிறவனுக்கு ஈடு கொடுப்பது இந்தக் கரைக்குப் புதிதல்ல. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அதற்காக அரசு மீனவக் குடும்பத்துக்கு நிவாரணம் கொடுக்கிறது. அது இப்போது 8,000 ரூபாய். தொகை போதாது என்பது வேறு வாதம். கடலின் நன்மைக்காக ஒருவனைக் கரையில் உட்கார வைத்தால் அவன் அடுப்புக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை அரசே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஊர்களுக்கோ அதைவிடப் பழைய பழக்கம் உண்டு. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நாகைக் கரைக்கு வந்த நிவாரணப் பொருளை எல்லாம் பஞ்சாயத்துகள் பொதுவில் வைத்து வரிக்குடும்பங்களுக்குச் சமமாகப் பிரித்தன. எல்லாருக்கும் எட்டாத பொருளைத் தனித்தனியாகக் கொடுக்க விடாமல் தடுத்த ஊர்கள் இருந்தன. நட்டத்தின் அளவு பாராத அந்தச் சமப் பங்கில் குறையும் இருந்தது. ஆனாலும் வந்ததை எல்லாரும் பகிர்ந்துகொள்ளத் தெரிந்த ஊருக்கு, ஒரு தடையால் விழும் நட்டத்தைப் பகிர்ந்துகொள்ளத் தெரியாமல் போகாது. வலையை ஒப்படைக்கும் குடும்பங்களின் வட்டியைச் சில பருவங்களுக்கு ஊர்ப் பொதுக் கணக்கு ஏற்கலாம். அந்த வலையில் ஏறிய ஐம்பது பேரில் படகில்லாதவர்களுக்கு மற்ற படகுகளில் இடம் கொடுக்கலாம். தடையை அறிவித்துவிட்டு அமல்படுத்தாத அரசு, வலையை உரிய விலைக்கு வாங்கி அழிக்கலாம்.

சுனாமி நேரத்துச் சமப் பங்கைப் புகழும்போது அதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பங்கு வரிக்குடும்பங்களோடு நின்றது. கடலை ஒட்டிய நீர்நிலைகளில் மீன் பிடித்தும் கரையில் கூலி வேலை செய்தும் வாழ்ந்த தலித் குடும்பங்கள் பல இடங்களில் நிவாரணத்தில் விடுபட்டதை அப்போதே பல அறிக்கைகள் பதிவு செய்தன. கடலைப் பொது என்று பேசும் ஊர், பொது யார் யார் என்பதைத் தன் சாதிக்குள் அடைத்துக்கொண்டால், சுருக்குமடிக்காரனிடம் பொதுநலம் பேசும் தகுதி அதற்குக் குறைந்துபோகிறது.

கூட்டத்தில் யார் உட்காருகிறார்கள் என்பதும் இதோடு சேர்ந்தது. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடம் என்று 2016இல் சட்டம் வந்தது. தரங்கம்பாடி பேரூராட்சியிலும் வார்டு உறுப்பினராகப் பெண்கள் உட்காருகிறார்கள். அதே ஊரின் கடற்கரைக் கூட்டத்தில் அவர்கள் குரலுக்கு இடமில்லை. ஏலத்தில் மீன் எடுத்துக் கூடையோடு பொறையாறுக்கும் மயிலாடுதுறைக்கும் பேருந்து ஏறுகிறவர்கள் பெண்கள். வலைப்பங்குக்காக அடகுக்குப் போன நகை அவர்களுடையது. சுயஉதவிக் குழுக் கடனில் கையெழுத்து அவர்களுடையது. சுருக்குமடி மீன் லாரியில் ஏறி வெளியூருக்கும் மீன்தூள் ஆலைக்கும் போனால், சின்ன ஏலத்தில் கூடை எடுக்கிறவளுக்கு என்ன மிஞ்சும் என்பதை அவள்தான் சொல்ல முடியும். கருவாடு போடுகிறவளுக்கு அதே வலையால் வேலை கிடைத்ததையும் அவள்தான் சொல்ல முடியும். இரண்டு குரலையும் கேட்காமல் போடப்படும் தீர்மானம் பாதி ஊரின் தீர்மானம்தான்.

இந்த வலைத் தகராறு ஓய்ந்தாலும் வேறொரு தொழில்நுட்பம் வரும். இரவில் கடலுக்குள் விளக்கு வைத்து மீனைக் கூட்டிப் பிடிப்பதை ஒன்றிய அரசு 2017இல் தடை செய்தது. அதற்குள் அந்த விளக்குகள் பல படகுகளில் ஏறிவிட்டிருந்தன. தடை எப்போதும் கடனுக்குப் பின்னால் வருகிறது. பத்துக் குடும்பம் பணம் போட்ட பிறகு வேண்டாம் என்பதைவிட, ஒருவரும் அடகுக் கடைக்குப் போகும் முன் கூடிப் பேசுவது ஊருக்கு எளிது. புதிய வலையையோ எஞ்சினையோ வாங்க நினைப்பவர் முதலில் ஊர்க்கூட்டத்தில் சொல்லட்டும். சிறு படகுக்காரரும் கூடைக்காரப் பெண்ணும் கூலிக்கு ஏறுபவரும் கேட்டுச் சரியென்ற பிறகு காசைப் போடட்டும். அப்படிக் கேட்காமல் வாங்கினால் நட்டம் வாங்கியவருடையது. கேட்டு, ஊர் ஒப்புக்கொண்டு, பின்னால் ஊரே நிறுத்தினால் அதில் ஊருக்கும் பங்கு உண்டு. இந்த ஏற்பாட்டைத் தரங்கம்பாடியும் பூம்புகாரும் சேர்ந்தே செய்ய வேண்டும். ஓர் ஊர் மட்டும் செய்தால் பக்கத்து ஊர் வலையோடு அதே கூட்டத்தைத் துரத்திக்கொண்டு வரும்.