மறைவில் உண்ணும் இனிப்பு

இரவில் வீடு அடங்கிய பிறகு சமையலறை அலமாரியைத் திறந்து, சாக்லேட்டும் ஹேசல்நட் பருப்பும் சேர்த்து அரைத்த விழுதை ஒரு கரண்டி எடுத்து நாவில் வைப்பவர்கள் இன்று பல இல்லங்களில் உண்டு. குழந்தைகளின் ரொட்டியில் தடவுவதற்காக வாங்கிய சீசா அது. ஒரு கரண்டி இரண்டாகிறது. பிறகு ஓசையின்றி மூடியைத் திருகிக் கரண்டியைக் கழுவி வைத்துவிடுகிறார்கள். இன்பத்தோடு கூடவே உள்ளத்தில் ஓர் உறுத்தலும் எழுகிறது. இந்த உறுத்தல் எதைச் சுட்டுகிறது? சுவையை விரும்புவதே குற்றமா?

இப்பண்டத்தின் வரலாறே சிந்தனைக்குரியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலியில் கொக்கோ அரிதாயிற்று. ஆல்பா நகரைச் சேர்ந்த பியத்ரோ பெரேரோ என்பவர், அவ்வட்டாரத்தில் மிகுதியாக விளையும் ஹேசல்நட் பருப்பைச் சிறிதளவு கொக்கோவுடன் சேர்த்து 1946-ல் ஓர் இனிப்பைச் செய்தார். 1951-ல் அது தடவக்கூடிய விழுதாயிற்று. 1964-ல் 'நுட்டெல்லா' என்று பெயர் பெற்றது. அரிதாகக் கிடைத்த கொக்கோவைப் பலருக்கும் எட்டச் செய்ய எழுந்த பண்டம் இன்று ஒருவர் தனியே மறைந்து உண்ணும் பண்டமாகியிருப்பது வியப்பிற்குரியது. அதன் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை என்பதும் உண்மையே. ஆயினும் உறுத்தலுக்குக் காரணம் சர்க்கரை மட்டும்தானா?

இதற்கு விடை காணத் திருப்பதி லட்டுவை எண்ணிப் பார்க்கலாம். 2009-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்த லட்டுவில் கடலைமாவு, சர்க்கரை, நெய், முந்திரி, திராட்சை, கற்கண்டு, ஏலக்காய் ஆகியவை வரையறுத்த அளவில் சேர்கின்றன. இனிப்பிலும் கொழுப்பிலும் அது எந்தச் சீசாவுக்கும் இளைத்ததன்று. எனினும் அதை உண்பவருக்கு உறுத்தல் தோன்றுவது அரிது.

பக்தியின் பெயரால் மனம் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறது என்று ஒருவர் கூறலாம். இதைப் புறந்தள்ள முடியாது. 'பிரசாதம் எதுவும் செய்யாது' என்று சொல்லி முழு லட்டுவையும் உண்ணும் சர்க்கரை நோயாளியின் உடல், அதைச் சர்க்கரையாகவே ஏற்கும். பக்தி உடலின் விதியை மாற்றுவதில்லை.

ஆனால் வழக்கத்தைக் கூர்ந்து நோக்கினால் மற்றொன்று விளங்கும். திருமலையிலிருந்து சித்தூருக்குத் திரும்பும் பக்தர் லட்டுவைத் தமக்கென்று ஒளித்து வைப்பதில்லை. அது உதிர்க்கப்பட்டு, வீட்டாருக்கும் அண்டை வீட்டாருக்கும் அலுவலகத் தோழர்களுக்கும் சென்று சேர்கிறது. எஞ்சி அவருக்குக் கிடைப்பது ஒரு சிட்டிகை. அளவாக உண்ண வேண்டும் என்று யாரும் அவருக்கு உபதேசிக்கவில்லை. பகிர்ந்ததாலேயே அளவு அமைந்துவிட்டது. கண்ணை மூடி அவர் சுவைக்கும் அச்சிட்டிகையில் இன்பம் சிறிதும் குறைவதில்லை.

'பிரசாதம்' என்ற வடசொல்லுக்குத் தெளிவு என்றும் பொருள் உண்டு. பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் அச்சொல் உணவைக் குறிக்கவில்லை. விருப்பு வெறுப்பின் வசப்படாமல் புலன்களைப் பயன்படுத்துபவன் அடையும் மனத்தெளிவையே குறிக்கிறது. ஆறாம் அத்தியாயம், மிகையாக உண்பவனுக்கும் உண்ணாமல் உடலை வாட்டுபவனுக்கும் யோகம் கைகூடாது என உணர்த்துகிறது. சுவை அங்கே பகையாகக் கருதப்படவில்லை. சுவைக்கு அடிமையாவதே தடையாகிறது.

குற்றவுணர்வும் அந்த அடிமைத்தனத்தின் ஒரு பகுதியாகிவிடக் கூடும். உறுத்தல் பெரும்பாலும் உண்ட பிறகே பேசுகிறது. அபராதம் செலுத்தியவர் அதே தவற்றைத் துணிந்து மீண்டும் செய்வதுபோல, சிறிது நேரம் வருந்திய மனம் மறுநாள் இரவும் அலமாரியை நாடுகிறது. விவேகம் அவ்வாறன்று, கரண்டியை எடுக்கும் முன்பே 'இது பசியா, சலிப்பா, ஏக்கமா?' என்று வினவுகிறது.

சிலருக்கு இனிப்பை அறவே விலக்குவதுதான் தகுந்த வழி. சித்தூருக்குச் சுமார் 12 கி.மீ. தொலைவிலுள்ள காணிப்பாக்கத்தில் வரசித்தி விநாயகர் சந்நிதி சத்தியப் பிரமாணத்திற்குப் பெயர்பெற்றது. மதுப்பழக்கத்தைக் கைவிட விரும்புவோரும் அங்கே நீராடி உறுதிமொழி ஏற்கின்றனர். மறைவில் இருந்த பலவீனத்தை இறைவன் முன்னும் மற்றவர் முன்னும் வாய்திறந்து கூறுவதே அச்செயலின் வலிமை. திருமலைப் பிரசாதம் கைதிறந்து கொடுக்கச் செய்கிறது. காணிப்பாக்கத்துப் பிரமாணம் வாய்திறந்து உண்மை பேசச் செய்கிறது. இரண்டும் மறைவை நீக்குகின்றன.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. தனியாக உண்பது வேறு, மறைந்து உண்பது வேறு. தனியே வாழ்பவர் தம் உணவை அமைதியாக உண்பதில் பிழையில்லை. மேலும், பல இல்லங்களில் அலமாரியைத் திறக்கும் அக்கை, நாள் முழுவதும் பிறருக்குப் பரிமாறிவிட்டுக் கடைசியில் எஞ்சியதை உண்ட இல்லத்தரசியின் கையாக இருக்கும். அவருக்கென்று அன்று யாரும் எடுத்துவைத்த இனிப்பு எதுவும் இல்லை. அவர் உள்ளத்து உறுத்தல் உண்மையில் குடும்பத்தினர் கொள்ள வேண்டியது. அவருடைய பங்கை முதலில் எடுத்துவைத்திருந்தால் அந்தக் கரண்டிக்கு மறைவே தேவைப்பட்டிருக்காது.

ஆகவே நாவின் இன்பத்தைச் சோதிக்க ஓர் எளிய அளவுகோல் போதும். இதை எல்லோர் முன்னிலையிலும் அமர்ந்து, பிறர் பங்கைக் கொடுத்துவிட்டு உண்ண முடியுமா? முடியுமெனில், உடல்நிலை இடந்தரும் அளவில் அதை மகிழ்ச்சியோடு உண்ணலாம். முடியாதெனில், தடுப்பது தன் ஆசையா, அல்லது தன் பங்கை மறந்த வீடா என்று ஆராய வேண்டும். ஆசையெனில் அடக்கமும், வீடெனில் அன்பும் அங்கே மருந்தாகும். வெறும் குற்றவுணர்வு இவ்விரண்டில் எதற்கும் மருந்தாகாது.