பொறுமையும் மௌனமும்

பெருநோய்க்கு ஊர் கூடும். நாள்பட்ட சிறுநோய்க்கு வீடும் கூடாது. இது நம் பங்குகளில் அன்றாடம் காணும் உண்மை. ஒரு பெண்ணுக்குக் கருப்பை அகற்றும் அறுவை சிகிச்சை நடந்தால் உறவினர் பழங்களோடு வருவர்; அன்பியத்தார் வந்து செபமாலை சொல்வர்; பங்குக் குரு நற்கருணை கொண்டு செல்வார். தையல் ஆறியதும், "சுகமாகிவிட்டது" என்று எல்லாரும் விடைபெறுவர். ஆனால் சிலருக்கு நீண்ட துன்பம் அதற்குப் பின்னரே தொடங்குகிறது. உண்டது செரியாமை, வயிற்று உப்புசம், நாள்கணக்கில் மலச்சிக்கல், காரணம் தெரியாத வலி என்று அது ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. உயிரை எடுக்காது, நிம்மதியாக வாழவும் விடாது.

இத்தகைய துன்பத்தை வாய்திறவாமல் சுமப்பதுதான் கிறிஸ்தவப் பொறுமையா? முறையிடுவது விசுவாசக் குறைவா? இக்கேள்வி எளியதன்று. நம் இல்லங்களில் எத்தனையோ தாய்மார்கள் இதற்குத் தவறான விடையை வைத்துக்கொண்டு வாழ்கின்றனர்.

முதலில் உடலின் நிலையை அறிந்துகொள்வோம். வயிற்றைத் திறந்து செய்யும் அறுவைக்குப் பின் புண் ஆறும்போது, உள்ளுறுப்புகளுக்கிடையே நார் போன்ற ஒட்டுகள் உண்டாகலாம். பலருக்கு அவற்றால் தொல்லை இல்லை. சிலருக்கு அவை குடலை இழுத்தும் வளைத்தும் வலி தரும். அரிதாகப் பல ஆண்டுகள் கழித்தும் குடலை அடைத்துவிடும். அவற்றை அறுத்து நீக்க மீண்டும் அறுவை செய்தால், அதனாலேயே புதிய ஒட்டுகள் உருவாகவும் கூடும். சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவே இருந்த உறுப்பு நீங்கியபின், இடுப்பின் அடித்தளத் தசைகள் தளர்ந்து, மலம் முழுமையாக வெளியேறாத நிலையும் சிலருக்கு ஏற்படுகிறது. வலி மாத்திரைகளில் சிலவும் இரும்புச்சத்து மாத்திரைகளும் மலச்சிக்கலை மிகுவிக்கும். எல்லாத் தொல்லைக்கும் அறுவையே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், "அதான் எடுத்தாயிற்றே, இன்னும் என்ன வயிற்றுவலி?" என்று கேட்பது அறியாமை.

இது ஓரிருவரின் செய்தியன்று. 2019-21 ஆண்டுகளில் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் ஏறத்தாழ 3 விழுக்காட்டினர் கருப்பையை இழந்தவர்கள். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் இது 8 விழுக்காட்டுக்கும் மேல். தேவையற்ற கருப்பை அகற்றல்களைத் தடுக்க நடுவண் அரசு 2022-இல் வழிமுறைகளை வகுத்தது. அவற்றை மாநிலங்கள் செயல்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் ஆணையிட்டது.

திருச்சபையின் ஒழுக்கவியலும் இவ்வறுவையைப் பற்றிப் பேசியுள்ளது. எந்நிலையில் இது ஏற்கத்தக்கது, எந்நிலையில் அன்று என்பதற்கு விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1993-இலும் 2018-இலும் விடையளித்தது. அது அறுவைக்கு முன் எழும் கேள்வி. அறுவைக்குப் பின் இருபது ஆண்டுகள் வாழப்போகும் பெண்ணுக்கு அவளைச் சூழ்ந்துள்ளோர் ஆற்றவேண்டிய கடமை என்ன என்பதும் ஒழுக்கவியல் கேள்விதான். அதை மறைக்கல்லூரிப் பாடநூல்களில் காண்பது அரிது. சமையலறையின் ஓரத்தில் காணலாம்.

பெண்கள் ஏன் மௌனம் காக்கின்றனர்? ஒன்று, வெட்கம். நெஞ்சுவலியைச் சபையில் சொல்லலாம். மலச்சிக்கலைச் சொல்ல நாக் கூசுகிறது. மற்றொன்று, பக்தி. "ஆண்டவர் தந்த சிலுவை, சுமக்கிறேன்" என்கிறார்கள். முதற்காரணத்தை விட்டுவிடலாம், இரண்டாவதை ஆராயாமல் விட முடியாது.

பொறுமையைத் துணிவு என்னும் நற்பண்பின் பகுதியாக வைத்தார் புனித தாமஸ் அக்குவினாஸ். துயரம் அறிவை விழுங்கிவிடாதபடி காப்பதே அதன் வேலை. வலியை வலி இல்லை என்று சொல்வதை அவர் பொறுமை என்று கூறவில்லை. தீங்கு செய்பவனைத் தேவையானபோது எதிர்த்து நிற்பதும் பொறுமைக்கு முரணாகாது என்கிறார். மனிதன் இழைக்கும் தீங்கை எதிர்க்கலாம் என்றால், நோய் இழைக்கும் தீங்கை மருத்துவரிடம் எடுத்துரைப்பது எவ்வாறு குற்றமாகும்?

திருநூலும் இதையே காட்டுகிறது. மாற்கு நற்செய்தியின் 5-ஆம் அதிகாரத்தில் வரும் பெண் பன்னிரண்டு ஆண்டுகள் பெரும்பாட்டினால் வருந்தியவள். மருத்துவர் பலரிடம் சென்று பொருளை எல்லாம் இழந்தவள். மறைவாக ஆடையைத் தொட்டுக் குணம் பெற்று மறைவாகவே போய்விட நினைத்தாள். இயேசு அவளைப் போகவிடவில்லை. தொட்டது யார் என்று நின்று கேட்டார். அவள் நடுங்கியபடி நடந்ததனைத்தையும் சொல்லும்வரை காத்திருந்தார். வெட்கத்துக்குரியது என்று ஊர் கருதிய நோயின் கதையைக் கூட்டத்தின் நடுவே கேட்டவர் அவர். திருத்தூதர் பவுலோ, திமொத்தேயுவின் வயிற்றுக் கோளாற்றை மனத்தில் கொண்டு, அவர் எதைப் பருகவேண்டும் என்றே மடல் எழுதினார். வயிற்றைப் பற்றிப் பேசுவது ஆன்மீகத்துக்கு இழுக்கு என்று அவர் நினைக்கவில்லை.

"அப்படியானால் துன்பத்தை ஒப்புக்கொடுப்பது என்னாவது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. துன்பத்தின் மீட்பளிக்கும் பொருளைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1984-இல் தம் திருத்தூது மடலில் விரிவாக விளக்கினார். அதே மடலின் இறுதிப் பகுதியில் நல்ல சமாரியரைப் பற்றித் தியானிக்கிறார். துன்பத்தைக் காணிக்கையாக்குவதும், துன்புறுவோரின் காயத்தைக் கட்டுவதும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. தீர்க்கக்கூடிய வலியைத் தீர்க்க முயலவேண்டும். முயன்றபின் எஞ்சுவதைக் காணிக்கையாக்கலாம். முயலாமலே ஒப்புக்கொடுப்பது, வீட்டில் இருக்கும் விளக்கை ஏற்றாமல் இருளுக்கு நன்றி சொல்வது போலாகும்.

மௌனம் சில வேளை உயிரையும் கேட்கும். கருப்பையை எடுத்தாலும் சினைப்பைகள் பலருக்கு உள்ளேயே இருக்கின்றன. விடாத உப்புசம், சிறிது உண்டதும் வயிறு நிறைந்த உணர்வு, அடிக்கடி சிறுநீர் கழிக்கும் தேவை ஆகியவை சினைப்பைப் புற்றுநோயின் அறிகுறிகளாகவும் இருக்கக்கூடும். மலத்தில் இரத்தம், காரணமற்ற உடல் மெலிவு ஆகியவற்றையும் தள்ளிப்போடலாகாது. கடும் வயிற்றுவலியோடு வாந்தி வந்து, வாயுவும் மலமும் அடியோடு நின்றுவிட்டால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். அந்த வேளையில் பொறுத்துக்கொள்வது புண்ணியமன்று.

இத்தகைய பேராபத்து இல்லாதவர்களுக்கும் முழுக் குணம் எப்போதும் கிட்டுவதில்லை, தணிவு கிட்டும். சிறிது சிறிதாக உண்பது, போதிய நீர் அருந்துவது, நாள்தோறும் நடப்பது, எந்த உணவு ஒவ்வவில்லை என்று குறித்து வைப்பது, இடுப்புத் தசைப் பயிற்சியை இயன்முறை மருத்துவரிடம் கற்பது ஆகியன பலருக்கு உதவுகின்றன. நார்ச்சத்தைத் திடீரென்று மிகுதியாக்கினால் உப்புசம் கூடும், படிப்படியாகவே சேர்க்கவேண்டும்.

இனி நம் பங்கு. "மருந்து" அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என நான்காகப் பகுக்கிறார். நான்காவது இடம் கணவருக்கும் மக்களுக்கும் பங்குச் சமூகத்துக்கும் உரியது. தவக்காலத்தில் ஒருசந்தி இருக்க முடியவில்லையே என்று இத்தாய்மார் வருந்துவதுண்டு. நோயுற்றோரை அக்கடமை கட்டுப்படுத்தாது என்பது திருச்சபையின் நெடிய மரபு. நற்கருணைக்கு முன் காக்கவேண்டிய ஒரு மணி நேர நோன்பினின்றும் முதியோருக்கும் நோயாளருக்கும் அவர்களைப் பேணுவோருக்கும் 919-ஆம் திருச்சபைச் சட்டம் விலக்கு அளிக்கிறது. நோயில்பூசுதலும் சாகும் தறுவாயில் உள்ளோருக்கு மட்டும் உரியதன்று என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாக்கியது. கடும் நோயோடு போராடுவோர் அதைக் கேட்கத் தயங்க வேண்டா.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் புனித பெர்நார்து மிகையான நோன்பினால் வயிறு கெட்டு, உண்டதை அடிக்கடி வாந்தி எடுத்தார். ஆதலால் செபமண்டபத்தில் அவர் இருக்கைக்கு அருகே தரையில் ஒரு குழி அமைக்கப்பட்டது என்று அவர் வரலாற்றை எழுதிய நண்பர் வில்லியம் கூறுகிறார். ஒரு துறவு மடம், நோயாளி ஒருவரும் தங்களோடு செபிக்கவேண்டும் என்று தரையையே மாற்றியது. நம் ஆலய வளாகத்தில் பெண்களுக்குத் தூய்மையான கழிப்பறை இருக்கிறதா? திருப்பலியின் நடுவே எழுந்து செல்லும் பெண்ணைத் திரும்பிப் பார்த்து முகம் சுளிக்காத பண்பு இருக்கிறதா? கோபுரத்துக்குப் பொன்வண்ணம் பூசும் முன் இவற்றைக் கேட்டுக்கொள்வது நன்று.

பொறுமை துன்புறுவோர் கடைப்பிடிக்கவேண்டிய புண்ணியம். அதை அவர்கள்மீது சுமத்தும் உரிமை, நலமாயிருக்கும் நமக்கு இல்லை. நமக்குரிய பொறுமை வேறு. பத்தாம் ஆண்டிலும், முதல்நாள் கேட்டதுபோலவே, "இன்று வயிறு எப்படி இருக்கிறது, அம்மா?" என்று கேட்டு, முழு விடையையும் இருந்து கேட்பதே அது.